திருச்சி – யாழ்ப்பாணம்: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது எப்படி?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் உண்டு என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் கால் மணி நேரம் என்று வரும், இன்னோர் இடத்தில் ஒரு மணி நேரம் என்று வரும். போய் வந்தவரைக் கேட்டால் "காலையில கிளம்பினா சாயங்காலம் ஆயிடும்" என்பார். கால் மணி நேரம் என்பது தவறான வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. மற்ற இரண்டும் பொய்யில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் கடிகாரத்தைத் தொடங்கி, வேறு வேறு இடத்தில் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

முதல் முறை விமானம் ஏறப்போகிறவர்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணத்துக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ போகத் திட்டமிடுகிறவர்கள், அங்கிருந்து திருச்சிக்கு மருத்துவம் பார்க்கவோ ஸ்ரீரங்கத்துக்கோ வருகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். திருச்சி–யாழ்ப்பாணம் தடத்தை உதாரணமாக எடுத்து ஒவ்வொரு படியாகப் போகலாம். இதே முறையில் வேறு எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு தாள், ஒரு பேனா, கைபேசி போதும்.

முதல் படி: சரியான விமான நிலையத்தைப் பிடியுங்கள்

உலகில் பயணிகள் விமானம் வந்துபோகும் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. திருச்சிக்கு டிஆர்இசட். யாழ்ப்பாணத்துக்கு ஜேஏஎஃப். இதில் அவசரப்படாதீர்கள். டிஆர்வி என்று அடித்தால் திருவனந்தபுரம், ஜேஏஐ என்று அடித்தால் ஜெய்ப்பூர். கடைசி எழுத்து ஒன்று மாறினால் தூரம், நேரம், கட்டணம் எல்லாமே வேறு ஊருக்கு உரியதாக இருக்கும். தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரை அடித்தால் கீழே வரும் பட்டியலில் குறியீட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இன்னொன்று, ஊருக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள இடைவெளி. திருச்சி நிலையம் புதுக்கோட்டைச் சாலையில், மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. யாழ்ப்பாண நிலையம் இருப்பதோ பலாலியில், நகரத்துக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, காங்கேசன்துறைக் கடற்கரையை ஒட்டி. ஆகவே யாழ்ப்பாண நகரத்தின் மையத்தை வரைபடத்தில் தொட்டு அளந்தால் கணக்கு பிசகும். ஓடுபாதை இருக்கும் இடத்தைத் தொட்டே அளக்க வேண்டும்.

பலாலி பழைய நிலையம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையை ரத்மலானையிலிருந்து சென்னைக்கு டிசி-3 விமானத்தில் நடத்தியபோது வழியில் இங்கேதான் இறங்கிப் போனது. இலங்கையின் உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் பல காலம் பொதுமக்களுக்கு எட்டாமல் இருந்த நிலையம், 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தத் தடத்தில் ஒரு டிக்கெட் எடுப்பதே பெரிய விஷயம்.

இரண்டாம் படி: தூரத்தைக் கையாலேயே கணக்கிடலாம்

வரைபடச் செயலியில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. திருச்சிக்கு 10.77, 78.71 என்று காட்டும். பலாலிக்கு 9.79, 80.07. இரண்டு தசம இடம் போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மூன்று இடம் வைத்துக்கொள்ளுங்கள்: 10.765, 78.710, 9.792, 80.070.

இப்போது கழித்துப் பாருங்கள். அட்சரேகையில் வித்தியாசம் 0.973 பாகை. ஒரு பாகை அட்சரேகை என்பது பூமியில் எங்கே அளந்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். எனவே 0.973 × 111 = 108 கிலோமீட்டர். அதாவது பலாலி, திருச்சிக்குத் தெற்கே 108 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. யாழ்ப்பாணம் என்றால் 'கிழக்கே' என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கும். தெற்கேயும் இவ்வளவு இறங்க வேண்டும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

தீர்க்கரேகையில் வித்தியாசம் 1.36 பாகை. இங்கே 111-ஐ அப்படியே வைக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே போகும். அதனால் ஒரு பாகையின் அகலம் இடத்துக்கு இடம் குறையும். நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருப்பது, நம் பத்துப் பாகைப் பகுதியில் சுமார் 109.2 ஆகிறது. பள்ளியில் படித்த கொசைன் ஞாபகம் இருந்தால், 111-ஐ நடு அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் இது கிடைக்கும். 1.36 × 109.2 = ஏறக்குறைய 149 கிலோமீட்டர். பலாலி கிழக்கே 149 கிலோமீட்டர்.

தெற்கே 108, கிழக்கே 149. ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. 108-இன் வர்க்கம் 11,664. 149-இன் வர்க்கம் 22,201. கூட்டினால் 33,865. அதன் வர்க்கமூலம் 184. திருச்சி நிலையத்திலிருந்து பலாலி நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் 184 கிலோமீட்டர்.

சரிபார்க்க வேண்டுமா? கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, திருச்சி ஓடுபாதையின் மேல் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தினால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அதைத் தேர்ந்தெடுத்துப் பலாலியைத் தொடுங்கள். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தில் இரண்டு குறியீடுகளையும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுக் கொடுத்தாலும் தூரம் வந்துவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். ஓடுபாதையின் எந்த முனையைத் தொட்டீர்கள் என்பதிலேயே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

கருவியே இருக்கும்போது கையால் ஏன் போட வேண்டும் என்று கேட்கலாம். ஒரு முறை போட்டுப் பார்த்தவருக்கு, அடுத்த முறை ஒரு தளம் தவறான எண்ணைக் காட்டும்போது சட்டென்று சந்தேகம் வரும். அதற்காகவே சொல்கிறேன். ஆனால் இந்த முக்கோணக் கணக்கு சில நூறு கிலோமீட்டர் வரைக்கும்தான் நம்பகமானது. சென்னை–லண்டன் போன்ற நீண்ட தூரத்துக்குப் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே கருவியைத்தான் நம்ப வேண்டும்.

கோட்டை வரைபடத்தில் வரைந்ததும் அதன் கீழே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்காக இறங்கி, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே போய், மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கரையைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகு பாக் நீரிணை. பாதிப் பயணம் நிலத்தின் மேல், பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கடலின் மேல். கடல் முடியும் இடத்திலேயே பலாலி. வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு கரைகளும் எவ்வளவு பக்கம் என்பது கண்ணுக்கே தெரியும்.

விமானத்துறையில் கிலோமீட்டரைவிடக் கடல் மைல் அதிகம் புழங்கும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 184-ஐ அதால் வகுத்தால் 99 கடல் மைல். வேகத்தை 'நாட்' என்று சொல்வார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். பயண இணையதளங்கள் சிலவற்றில் சாதாரண மைல் கணக்கு இருக்கும். அதில் இதே தூரம் 114. மூன்று எண்களும் ஒரே தூரம்தான்.

மூன்றாம் படி: எந்த விமானம் என்று பாருங்கள்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் எந்த வேகம்?

தூரக் கணக்குத் தளங்கள் பல, எல்லா ஊருக்கும் ஒரே ஜெட் விமான வேகத்தை, மணிக்கு 800 அல்லது 850 கிலோமீட்டர் என்று, வைத்து வகுத்துவிடுகின்றன. 184-ஐ 850-ஆல் வகுத்தால் 13 நிமிடம். 'கால் மணி நேரம்' என்பது இப்படித்தான் பிறக்கிறது. பலாலியின் ஓடுபாதை பெரிய ஜெட்டுகளுக்குப் போதுமான நீளம் கொண்டதல்ல. அதனால் இங்கே வருவது ஏடிஆர் 72 என்ற விமானம். இரண்டு பக்கமும் சுழலும் விசிறியோடு இருக்கும், இந்தத் தடத்தில் சேவையைத் தொடங்கிய இண்டிகோ நிறுவனத்திடம் உள்ளதில் 78 இருக்கைகள். அதன் உச்ச வேகமே மணிக்குச் சுமார் 510 கிலோமீட்டர், 275 நாட். டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்தில் விமானத்தின் வகை சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் நேரக் கணக்கைத் தொடங்க வேண்டாம்.

சரி, 184-ஐ 510-ஆல் வகுப்போம். 22 நிமிடம். இதுவும் உண்மையான நேரம் அல்ல. ஏனென்றால் அந்த 510 என்பது மேலே ஏறி, நேராகி, முழு வேகம் பிடித்த பிறகு உள்ள வேகம். இவ்வளவு குறுகிய தடத்தில் அந்த நிலை எத்தனை நிமிடம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இறங்குவதற்கு விமானிகள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். இறங்க வேண்டிய ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல் முன்பே இறக்கத்தைத் தொடங்க வேண்டும். ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் பறக்காது. நூறு கடல் மைல் தடத்துக்கு அவ்வளவு உயரமும் தேவையில்லை. 15,000 அடிக்கு ஏறியது என்று வைத்துக்கொண்டால், 15 × 3 = 45. பலாலிக்கு 45 கடல் மைல் இருக்கும்போதே இறங்கத் தொடங்கியாக வேண்டும். ஏறுவதற்கும் ஏறக்குறைய 40 கடல் மைல் போய்விடும். மொத்தத் தூரம் 99. மீதி எவ்வளவு? பதினைந்து கடல் மைலுக்கும் குறைவு. அதாவது இந்தப் பயணத்தில் விமானம் கிட்டத்தட்ட முழு நேரமும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறது. முழு வேகத்தில் பறப்பது நாலைந்து நிமிடம்கூட இல்லை.

குறுகிய தடத்தின் ரகசியமே இதுதான். இங்கே நேரத்தை முடிவு செய்வது தூரம் அல்ல, ஏற்றமும் இறக்கமும் தரையில் ஓடுவதும்.

அப்புறம் திருப்பங்கள். திருச்சி ஓடுபாதை கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. காற்று மேற்கிலிருந்து வீசும் நாளில் விமானம் மேற்கு நோக்கித்தான் கிளம்பும். போக வேண்டியது தென்கிழக்கு. எனவே எழும்பியதும் ஒரு வளைவு எடுத்துத் திரும்ப வேண்டும். பலாலியிலும் அப்படியே. அதன் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக இருப்பதால், எந்த முனையில் இறங்குவது என்பதைக் காற்றே தீர்மானிக்கும். நடுக்கடலில் சென்னைக் கட்டுப்பாட்டு வான்பரப்பு முடிந்து கொழும்புக் கட்டுப்பாட்டு வான்பரப்பு தொடங்கும். இவையெல்லாம் சேர்ந்து 22 நிமிடத்தை ஏறக்குறைய 35 நிமிடமாக்கிவிடும். வானில் இருக்கும் நேரத்துக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றால் எவ்வளவு மாறும்? ஆடிக் காற்றைப் பார்த்துவிட்டுப் பலர் பயப்படுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பகுதியில் மேலே மேற்குக் காற்று பலமாக இருக்கும். அது யாழ்ப்பாணம் போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். எதிர்க்காற்று 20 நாட் என்று வைத்து, சராசரி 260 நாட் வேகத்தில் பறப்பதாகக் கணக்கிட்டுப் பாருங்கள்: 99-ஐ 260-ஆல் வகுத்தால் 23 நிமிடம், 240-ஆல் வகுத்தால் 25 நிமிடம். வித்தியாசம் இரண்டே நிமிடம். பத்து மணி நேரப் பயணத்தில் காற்று பெரிய விஷயம். இங்கே உடம்பு கொஞ்சம் குலுங்குமே தவிர கடிகாரம் அசையாது.

நான்காம் படி: அட்டவணை நேரம் ஏன் ஒரு மணி?

2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இந்தத் தடத்தில் தினசரிச் சேவையைத் தொடங்கியபோது, அட்டவணையில் போட்டது சுமார் ஒரு மணி நேரம். வானில் 35 நிமிடம்தானே, மீதி எங்கே போகிறது?

அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு வைத்த தடையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, அடுத்த ஊரில் நிறுத்துமிடத்தில் நின்று மீண்டும் தடை வைக்கும் வரை உள்ள நேரம் அது. விமான நிறுவனத்தார் இதை 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் திரும்பி வருவது எல்லாம் இதில் அடங்கும். கூடவே சில நிமிடங்களைக் கையிருப்பாகவும் சேர்த்து வைப்பார்கள். பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்கே போய்ச் சேர்வது அந்தக் கையிருப்பால்தான்.

நீங்களே அட்டவணை நேரத்தை ஊகிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ஏடிஆர் என்றால் தூரத்தை 480-ஆல் வகுத்து நிமிடமாக்கி, அதோடு 30 நிமிடம் கூட்டுங்கள். ஜெட் என்றால் 800-ஆல் வகுத்து 30 நிமிடம் கூட்டுங்கள். சென்னை–யாழ்ப்பாணம் 356 கிலோமீட்டர், அதுவும் ஏடிஆர். 44 நிமிடமும் 30-ம் சேர்ந்து 74. அந்தத் தடத்தின் அட்டவணை நேரம் ஒன்றேகால் மணி. கச்சிதமாகப் பொருந்துகிறது. திருச்சி–யாழ்ப்பாணத்துக்கு 23-உம் 30-உம் சேர்ந்து 53. அட்டவணையில் அதை ஒரு மணியாக வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். திருச்சி–கொழும்பு நேர்கோட்டில் சுமார் 419 கிலோமீட்டர். ஜெட் விமானம். 31 நிமிடமும் 30-ம் சேர்ந்து ஒரு மணி. யாழ்ப்பாணத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் இருக்கும் கொழும்புக்கும் அதே ஒரு மணி நேரம்தான் ஆகிறது. விமானப் பயணத்தில் தூரத்தை வைத்து மட்டும் நேரத்தைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பினால், ஃபிளைட்ரேடார்24 போன்ற கண்காணிப்புச் செயலியில் விமான எண்ணைக் கொடுங்கள். கடந்த சில நாட்களில் எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரிசையாக வரும். ஒரு வாரத்தைப் பார்த்தால் போதும், அந்தத் தடத்தின் குணம் தெரிந்துவிடும். அங்கே நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். காலை 8.00 யுடிசி என்றால் நமக்குப் பகல் 1.30.

அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும். இந்தச் சேவை தொடங்கிய 2025 மார்ச் 30-கூட அப்படிப்பட்ட ஞாயிறுதான். பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். நீங்கள் போகும் தேதியில் நேரடி விமானம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு என்பதை நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள்.

ஐந்தாம் படி: இரண்டு ஊர்க் கடிகாரம்

டிக்கெட்டில் இருக்கும் நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இந்தத் தடத்தில் இதனால் சிக்கல் இல்லை. இலங்கை 2006 ஏப்ரலிலிருந்து இந்தியாவின் நேரத்தையே வைத்திருக்கிறது. கைக்கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடையே ஆறே முக்கால் மணி நேரம் தெரிந்தால், விமானத்தில் இருப்பது நாலேகால் மணி நேரம்தான். தூரம் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். 800-ஆல் வகுத்து 30 நிமிடம் கூட்டினால் அதே நாலேகால் மணி வரும்.

ஆறாம் படி: வாசலிலிருந்து வாசல்வரை

இதுதான் உங்களுக்கு உண்மையில் தேவையான கணக்கு. தஞ்சாவூரிலிருந்து கிளம்புகிறீர்கள், விமானம் பகல் ஒன்றரைக்கு என்று வைத்துக்கொள்வோம்.

தூரம் குறைவு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். மதுரைக்கோ சென்னைக்கோ போவதுபோல் கடைசி நேரத்தில் ஓட முடியாது. பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். செக்-இன் கவுன்ட்டர், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கோ அதற்குச் சற்று முன்போ மூடிவிடும். சரியான நேரம் உங்கள் டிக்கெட்டிலேயே இருக்கும், அதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர்கள் மூன்று மணி நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். பழகியவர்கள் இரண்டு மணி நேரத்தில் சமாளிப்பார்கள். திருச்சியில் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கிய புதிய முனையம் விசாலமானது. ஆனாலும் உங்கள் நேரத்தில் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ ஒரு பெரிய விமானம் கிளம்பினால் இமிகிரேஷன் வரிசை நீளும். வரிசையை நீட்டுவது உங்கள் ஏடிஆரின் 78 பேர் அல்ல, பக்கத்து விமானத்தின் 180 பேர்.

ஆக, காலை 9.15-க்குத் தஞ்சாவூரில் புறப்பாடு. ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர். 10.30-க்குத் திருச்சி விமான நிலையம். 1.30-க்கு விமானம் நகரும். 2.30-க்குப் பலாலி. கடவுச்சீட்டுச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து 3.10-க்கு வெளியே வரலாம். பலாலியிலிருந்து யாழ். நகரத்துக்கு ஆட்டோவிலோ வேனிலோ அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். 3.50-க்கு நகரம்.

மொத்தம் ஆறு மணி முப்பத்தைந்து நிமிடம். அதில் வானத்தில் இருந்தது 35 நிமிடம். "காலையில கிளம்பினா சாயங்காலம்" என்று அவர் சொன்னது இதைத்தான்.

இந்த ஆறரை மணி நேரத்தில் எதைக் குறைக்கலாம்? விமானத்தின் வேகம் நம் கையில் இல்லை. வரிசைகள் ஓரளவு நம் கையில் இருக்கின்றன. இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்திலேயே முன்கூட்டி எடுத்து, அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். தங்கப்போகும் வீட்டின் அல்லது விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். படிவத்தில் அதைக் கேட்பார்கள், அங்கே போய்க் கைபேசியில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஏடிஆருக்கென்று இரண்டு விஷயங்கள். பயணிகள் ஏறி இறங்கும் கதவு விமானத்தின் பின்பக்கம் இருக்கிறது. ஜெட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தால் சீக்கிரம் இறங்கலாம், இங்கே தலைகீழ். பின்வரிசை இருக்கை எடுத்தால் முதல் ஆளாக இறங்கி, இமிகிரேஷன் வரிசையின் தலையில் நிற்கலாம். சிறிய நிலையத்தில் இதனால் கால் மணி நேரம் மிச்சமாகும். அடுத்து, தலைக்கு மேல் இருக்கும் பெட்டி அறை சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டி பல நேரம் அதில் நுழையாது. படியருகிலேயே வாங்கிச் சரக்கறையில் வைத்துவிடுவார்கள். மருந்து, பாஸ்போர்ட், நகை, பணம் எல்லாவற்றையும் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ திருச்சி வழியாக யாழ்ப்பாணம் போகத் திட்டமிடும் உறவினர்கள் இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இல்லையென்றால், திருச்சியில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இந்திய விசா தேவை. இணைய விசாவுக்கு நாலைந்து நாளாவது முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நேரக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இது இல்லாமல் பயணம் நடக்காது.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

நேரடி விமானம் கிடைக்காத நாளில் சென்னை வழி இருக்கிறது. திருச்சி–சென்னை 294 கிலோமீட்டர், சென்னை–யாழ்ப்பாணம் 356. மொத்தம் 650. நேர்வழியைப்போல மூன்றரை மடங்கு. பறக்கும் நேரத்துக்கு அட்டவணையில் இரண்டரை மணி போனாலும், உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு மாறி, மறுபடி எல்லாச் சோதனையும் முடிக்க மூன்று மணி நேரம் விட வேண்டும். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

கொழும்பு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், கொழும்பிலும் வேலை இருந்தால் தவிர. அங்கிருந்து யாழ்ப்பாணம் சாலை வழியில் சுமார் 400 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பலையும் பலர் கேட்கிறார்கள். கடல்வழி சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரம். திருச்சிக்காரருக்கு நாகை போகவே மூன்று மணி நேரம் ஆகும். நாகை, வேதாரண்யம், திருவாரூர் பக்கத்துக்காரர்களுக்கு வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் விமானத்துக்கும் கப்பலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கடல் பார்த்துக்கொண்டு போக ஆசை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கப்பலை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

மழைக் காலத்துக்கு ஒரு தனிக் கணக்கு

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை விமானத்துக்கும் இதே கவனம் வேண்டும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் நாட்களில் தாமதமும் ரத்தும் சகஜம். நாளுக்கு ஒரே ஒரு விமானம் ஓடும் தடத்தில், ரத்தானால் அடுத்த வாய்ப்பு மறுநாள்தான். பெரிய தடங்களில் இரண்டு மணி நேரத்தில் அடுத்த விமானம் வரும் பழக்கத்தில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எனவே மழை மாதங்களில் கல்யாணம், தேர்வு, மருத்துவர் சந்திப்பு என்று தள்ளிப்போட முடியாத வேலை இருந்தால் ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். திரும்பும்போதும் அப்படியே: யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி வந்து இறங்கும் அன்றே இரவு ரயிலுக்கோ சிங்கப்பூர் விமானத்துக்கோ தனி டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். அதை மறுநாளுக்கு எடுங்கள். விமான நிறுவனத்திடம் டிக்கெட் எடுக்கும்போது உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுங்கள், முகவரின் எண்ணை அல்ல. நேர மாற்றம், ரத்து பற்றிய குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது இந்திய சிம் வேலை செய்ய ரோமிங் வசதியைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் திரும்பும் நாள் காலையில் நிறுவனத்தின் செயலியைத் திறந்து, விமானம் கிளம்புகிறதா என்று பார்த்த பிறகு பலாலிக்கு ஆட்டோ பிடியுங்கள்.